நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். உங்களிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121, ஓட்டோ கியர். காலையில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகும்போது, பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் நடுவை விட்டு மேலே ஏறுகிறது. அதே நேரத்தில் ஏசியும் வெறும் காற்றாகிவிடுகிறது. ஆனால் தெற்கு அதிவேகப் பாதையில் காலி வரைக்கும் போய் வந்தபோது முள் அசையவில்லை, ஏசியும் நன்றாகக் குளிர்ந்தது. ஒரு கராஜில் தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் றேடியேட்டர் மூடியை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் ஹெட் கஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். தினமும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். இதோடு 95 பெற்றோல் அடித்தால் சூடு குறையுமா, காலையில் சில நாட்கள் திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறதே, அக்காவின் டொயோட்டா அக்குவா ஹைபிரிட் காரில் எதைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை.

நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நின்றால் சூடாகிறது, ஓடினால் ஆறுகிறது. மூன்று கராஜிலும் இதைச் சொன்னீர்களா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தால் யாராவது ஒருவராவது முன்பக்கம் குனிந்து ஃபேனைப் பார்த்திருப்பார். கொழும்பில் இருபத்தாறு வருடம் கராஜ்களில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வண்டி சூடாகிறது என்று வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி 'எப்போது?' என்பதுதான். நிற்கும்போதா, ஓடும்போதா, ஏற்றத்திலா, ஏசி போட்டபோதா, எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துத் திரும்ப எடுக்கும்போதா? இதற்குச் சரியான பதில் கிடைத்தால் சாவிப் பெட்டியைத் திறக்க முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். வண்டி ஓடும்போது றேடியேட்டருக்கு வேண்டிய காற்று முன்னாலிருந்து தானாக வந்து அடிக்கிறது. மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீற்றர் வேகத்தில் ஃபேன் பெரும்பாலும் தேவைப்படாது. சிக்னலில் நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் கதி. றேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு சட்டம் ஒட்டியபடி நிற்கும், அதுதான் ஏசியின் கொண்டென்சர். வண்டிக்குள் இருந்து ஏசி எடுத்த சூட்டை அது அந்த இடத்தில்தான் வெளியே விடுகிறது. அதற்கும் அதே காற்றுத்தான். காற்று ஓடவில்லை என்றால் கொண்டென்சர் ஆறாது, உள்ளே வெறும் காற்று வரும். அந்தச் சூடு முழுவதும் பின்னால் இருக்கும் றேடியேட்டர் மேல் ஏறும். ஆகவே முள் ஏறுவதும் ஏசி போவதும் ஒரே நேரத்தில் நடந்து, வண்டி ஓடத் தொடங்கியதும் இரண்டும் சேர்ந்து சரியாகிவிட்டால், காற்று போகும் வழியில்தான் கோளாறு. ஹெட் கஸ்கட் போனால் ஏசி ஏன் சூடாக வேண்டும்? கஸ்கட் போன எஞ்சின் அதிவேகப் பாதையில் 100இல் ஒரு மணித்தியாலம் ஓடி முள் அசையாமல் வருவதும் நடக்கிற காரியமல்ல.

இதற்கு நேர் எதிரான கேஸும் உண்டு. ஊருக்குள் நன்றாக ஓடும், அதிவேகப் பாதையிலோ கடுகண்ணாவை ஏற்றத்திலோ முள் ஏறும். அப்படியென்றால் ஃபேனைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. றேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும், தண்ணீர் பம்பின் இறக்கை தேய்ந்திருக்கும், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும், அல்லது தேர்மோஸ்டாட் பாதி திறந்த நிலையில் சிக்கியிருக்கும். உங்களுடையது அது இல்லை.

சரி, நீங்களே செய்யக்கூடிய சோதனைக்கு வருவோம். வண்டியை வெளியான இடத்தில் நிறுத்தி, கியரை P இல் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு எஞ்சினைப் போடுங்கள். ஏசியைப் போட்டு முழுக் குளிரில் வையுங்கள். உங்கள் வண்டியில் ஏசி போட்டதும் சிறிது நேரத்தில் முன்னால் இருக்கும் ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். பொனட்டைத் திறந்து எட்ட நின்று பாருங்கள். கையை உள்ளே விடாதீர்கள். தொங்கும் சட்டை, டை, ஷால் எதுவும் வேண்டாம். எஞ்சின் நின்றிருந்தாலும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுற்றும், அதனால் விரல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்ததோடு நிற்காதீர்கள். சாப்பாடு கட்டும் லஞ்ச் ஷீட்டோ பத்திரிகைத் தாளில் பாதியோ எடுத்து, முன் கிரில்லுக்கு நேரே பிடித்து விடுங்கள். காற்று உள்ளே இழுத்தால் அது கிரில்லில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நழுவிக் கீழே விழுந்தால் இழுவை போதாது. முன்னால் பறந்து வந்தால் ஃபேன் மாறிச் சுற்றுகிறது.

கடைசியாகச் சொன்னது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். தெஹிவளையில் ஒருவருடைய வண்டி இதே கதையோடு என்னிடம் வந்தது. ஐந்து மாதமாக அலைந்திருந்தார். றேடியேட்டர் புதிது, பம்ப் புதிது, ஏசி காஸ் இரண்டு தடவை அடித்தாயிற்று. ஃபேன் நன்றாகச் சுற்றியது, சத்தமும் இருந்தது. தாளைப் பிடித்தேன், என் முகத்தில் வந்து அடித்தது. பழைய மோட்டார் எரிந்தபோது பாவித்த மோட்டார் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார்கள். பிளக் பொருந்தவில்லை என்று வயரை வெட்டி முறுக்கியபோது பிளஸ்ஸும் மைனஸும் மாறிவிட்டன. நிற்கும்போது எஞ்சின் பக்கத்துச் சூட்டுக் காற்றை இழுத்து றேடியேட்டருக்கூடாக முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு வயரையும் மாற்றி இணைத்ததோடு வேலை முடிந்தது. அந்த மனிதர் செலவழித்த காசை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஃபேன் சுற்றவே இல்லை என்றால் வரிசையாகப் பாருங்கள். முதலில் பியூஸ். அப்புறம் ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச். பொனட்டுக்குள் இருக்கும் பெட்டியின் மூடியில் எந்த ரிலே எதற்கு என்று படம் இருக்கும். அதே இலக்கமுள்ள இன்னொரு ரிலே பக்கத்தில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டும் சரியென்றால் மோட்டாரின் பிளக்கைக் கழற்றிப் பற்றரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். இதை ஓட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் செய்வது நல்லது. நேராகக் கொடுத்தும் சுற்றவில்லை, அல்லது ஒரு தட்டுத் தட்டினால்தான் சுற்றுகிறது என்றால் மோட்டாருக்குள் இருக்கும் கரித்துண்டு தேய்ந்துவிட்டது. இருபது வருட வண்டியில் இது சாதாரணம். சுற்றுகிறது, ஆனால் சோம்பலாகச் சுற்றுகிறது என்றாலும் அதே காரணம்தான். இந்த வகை ஃபேன்தான் ஆட்களை ஏமாற்றுவது. பார்க்கிறவர் 'ஃபேன் வேலை செய்கிறது' என்று சொல்லிவிட்டு அடுத்த சாமானுக்குப் போய்விடுவார்.

மோட்டார் மாற்ற வேண்டி வந்தால் பஞ்சிகாவத்தையிலோ தெல்கந்தவிலோ ரீகண்டிஷன் மோட்டார் கிடைக்கும். கடையிலேயே பற்றரி வைத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். கையால் சுற்றிப் பார்த்தால் கரகரப்பு இருக்கக்கூடாது, இறக்கையை மேலும் கீழும் அசைத்தால் ஆடக்கூடாது. பிளக்கும் உங்கள் வண்டியில் உள்ளது போலவே இருக்க வேண்டும், அப்போதுதான் வயர் வெட்டும் பேச்சே வராது. ஃபேனைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கும், அதையும் சேர்த்து வாங்குங்கள். கூடு உடைந்து கம்பியால் கட்டியிருக்கும் வண்டிகளை நிறையப் பார்க்கிறேன். கூடு இல்லாத ஃபேன் றேடியேட்டருக்கூடாகக் காற்றை இழுப்பதற்குப் பதில் பக்கத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

ஃபேன் நன்றாக இருக்கிறது, தாள் மட்டும் ஒட்டவில்லை என்றால் காற்று போகும் வழி அடைபட்டிருக்கிறது. இந்த இடத்தில் நீங்கள் வெள்ளவத்தையில் இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வண்டி இரவில் எங்கே நிற்கிறது? மரைன் டிரைவ் பக்கமா? கடற்காற்றில் உப்பு வருகிறது. கொண்டென்சரிலும் றேடியேட்டரிலும் குழாய்களுக்கு இடையில் அலை அலையாக இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளைத்தான் அது முதலில் தின்னும். விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வெள்ளைப் பவுடராக உதிர்ந்தால் முடிந்தது. சொட்டு ஒழுக்குக்கூட இருக்காது, பார்க்கிறவர் 'றேடியேட்டர் ஒழுகவில்லை, நல்லது' என்பார். ஆனால் சூட்டை வெளியே விடுவது அந்தத் தகடுகள்தான். தகடு உதிர்ந்த றேடியேட்டரில் வெறும் குழாய் மட்டும் நிற்கிறது. ஓடும்போது காற்று நிறைய வருவதால் சமாளிக்கும், நின்றால் சமாளிக்காது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் வருடக்கணக்காக நிற்கும் வண்டிகளில் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். கொண்டென்சரின் கீழ்ப்பாதிதான் பெரும்பாலும் முதலில் போகும்.

இன்னொன்று, கொண்டென்சருக்கும் றேடியேட்டருக்கும் இடையிலுள்ள சிறிய இடைவெளி. இலை, பூச்சி, பொலித்தீன் துண்டு, தூசி எல்லாம் சேர்ந்து கம்பளி போல் பிடித்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. மேல் பிடியைக் கழற்றி றேடியேட்டரைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். கழுவும்போது சாதாரண ஹோஸ் தண்ணீர் போதும், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னால் அடியுங்கள். சேர்விஸ் நிலையத்தில் பிரஷர் கன்னைக் கிட்டப் பிடித்து அடித்தால் தகடெல்லாம் மடிந்து படுத்துவிடும், அதன் பிறகு காற்றே போகாது. நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

தேர்மோஸ்டாட் கழற்றியதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது எனக்கு மனவருத்தம் தரும் பழக்கம். 'எங்கள் வெயிலுக்கு அது எதற்கு? குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் தேவை' என்று சொல்லித்தான் கழற்றுகிறார்கள். தேர்மோஸ்டாட் என்பது எஞ்சின் தண்ணீர் போதிய சூடு வரும்வரை றேடியேட்டர் வழியை மூடிவைத்து, பிறகு திறக்கும் ஒரு சின்னக் கதவு. உங்கள் எஞ்சினில் ஏறக்குறைய 80 பாகைக்கு மேலே திறக்கத் தொடங்கும். எஞ்சின் வேலை செய்ய வேண்டிய சூடே 85 முதல் 95 பாகை வரைதான். கொழும்பு வெயில் 32 பாகை. எஞ்சினின் கணக்கில் அதுவும் குளிர்தான். கதவு இல்லாமல் ஓடினால் எஞ்சின் சூடு வர நீண்ட நேரம் எடுக்கும். அதுவரை எஞ்சின் கொம்பியூட்டர் 'இன்னும் குளிராக இருக்கிறது' என்று பெற்றோலைக் கூடுதலாக விடும். எரிபொருள் செலவு கூடும், எண்ணெயில் பெற்றோல் கலக்கும், தேய்மானம் கூடும்.

அதைவிட ஒரு விஷயம் இருக்கிறது. பல ஜப்பான் எஞ்சின்களில் றேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் ஒரு குறுக்குவழி உண்டு. தேர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது அதன் அடித்தட்டு அந்தக் குறுக்குவழியை மூடும். தேர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ஆறாமலே திரும்ப எஞ்சினுக்குள் போகும். குளிர்விக்கத்தான் கழற்றினார்கள், அதுவே சூடாக்கவும் கூடும். ஆகவே ஃபேனைச் சரி செய்யும்போதே தரமான தேர்மோஸ்டாட் ஒன்றை, புது றப்பர் வளையத்தோடு போட்டுவிடுங்கள். அதில் ஒரு சிறிய காற்றுத் துளை இருக்கும், அது மேல் பக்கமாக வர வேண்டும்.

மூடி மாற்றியது தவறில்லை, ஆனால் சரியான மூடிதானா என்று பாருங்கள். மேலே 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அது அழுத்தம். உங்கள் பழைய மூடியில் என்ன இருந்ததோ அதுவே வேண்டும். அழுத்தம் இருப்பதால்தான் 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 பாகை வரை கொதிக்காமல் நிற்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் ஒரே நொடியில் போய், முழுத் தண்ணீரும் ஆவியாக முகத்தில் பாயும். துணி சுற்றித் திறக்கலாம் என்பதெல்லாம் வேண்டாம். மேல் ஹோஸைத் தொட்டு அமர்த்தும் அளவுக்கு ஆறிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

தினமும் ஊற்றும் குழாய்த் தண்ணீரை நிறுத்துங்கள். கிணற்றுத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம், கரையோரப் பக்கத்தில் அதில் உப்பும் இருக்கும். வெறும் தண்ணீர் உள்ளே துரு பிடிக்க வைக்கும், உப்பும் சுண்ணாம்பும் குழாய்களில் படியும். கூலன்ட் என்பது உறையாமல் இருப்பதற்கு மட்டும் உள்ள திரவம் என்று பலர் நினைக்கிறார்கள். துருவைத் தடுப்பதும் கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்துவதும் அதுதான். டொயோட்டாவின் பிங்க் நிறக் கூலன்ட் கலந்தே வருகிறது, அதை அப்படியே ஊற்ற வேண்டும். சிவப்பு நிறம் காய்ச்சி வடித்த தண்ணீரோடு கலக்க வேண்டியது. நிறத்தை மட்டும் பார்த்து வேறு கொம்பனியின் கூலன்டை மேலே ஊற்றாதீர்கள், நிறத்துக்கு ஒரு பொது விதி கிடையாது. பழைய தண்ணீரை முழுதாக வடித்து, இரண்டு மூன்று தடவை கழுவிப் புதிதாக நிரப்புங்கள்.

நிரப்பும்போது அவசரப்பட வேண்டாம். மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, தேர்மோஸ்டாட் திறந்து காற்றுக் குமிழ் எல்லாம் வெளியேறும்வரை நிற்க வேண்டும். வண்டியின் மூக்கு கொஞ்சம் மேலே இருந்தால் நல்லது. காற்று உள்ளே சிக்கிக்கொண்டால் எல்லாம் புதிதாக இருந்தாலும் சூடாகும். அப்போது 'பார்த்தீர்களா, ஹெட் கஸ்கட்தான்' என்ற பேச்சு மறுபடியும் தொடங்கும்.

அந்தப் பேச்சுக்கே வருகிறேன். ஹெட் கஸ்கட் போனதா என்று எஞ்சினைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ளலாம். இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினைப் போடுங்கள். தண்ணீரில் நிற்காமல் குமிழ் வந்துகொண்டே இருந்தால் சந்தேகம். மூடியைப் போட்டு, குளிராக இருக்கும்போதே எஞ்சினைப் போட்ட ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லுப் போல இறுகினால் சந்தேகம் வலுக்கிறது, ஏனென்றால் சூடு வர முன்பே அழுத்தம் வருவது எரிந்த வாயுவால்தான். எண்ணெய்க் குச்சியில் பால்தேநீர் நிறம், புகைக்குழாயில் நிற்காத வெள்ளைப் புகை, வெளியே ஒழுக்கே இல்லாமல் தண்ணீர் குறைவது, இவையும் அடையாளம். முடிவாகத் தெரிய ஒரு நீல நிறத் திரவச் சோதனை இருக்கிறது. அந்தத் திரவம் உள்ள குழாயை றேடியேட்டரின் மூடி வாயில் பொருத்தி, றப்பர் பந்தால் காற்றை இழுத்தால், எரிந்த வாயு இருந்தால் திரவம் மஞ்சளாகும். இந்தச் சோதனையைச் செய்து காட்டாமல் எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் எவரிடமும் வண்டியை விடாதீர்கள்.

அதற்காக, சோதனை எல்லாம் நல்லதாக வந்துவிட்டால் முள் ஏறியபடியே ஓடலாம் என்று அர்த்தமில்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த தவறு இது. கிருலப்பனையில் முள் சிவப்புக்குப் போய்விட்டது. வீடு இரண்டு கிலோமீற்றர்தானே என்று ஓட்டிக்கொண்டு வந்தேன். அந்த எஞ்சினில் கீழே இரும்பு, மேலே ஹெட் அலுமினியம். இரண்டும் சூட்டில் ஒரே அளவுக்கு விரியாது. ஹெட் வளைந்துவிட்டது. லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்து, கஸ்கட் போட்டு, இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. அது என்னுடைய வண்டிகூட இல்லை, மாமாவுடையது. இன்று உங்கள் கஸ்கட் நன்றாக இருக்கிறது என்றே நினைக்கிறேன். இப்படியே இன்னும் ஒரு மாதம் காலி வீதியில் ஓடினால் அது கெட்டுவிடும், மூன்றாவது கராஜ்காரர் சொன்னது உண்மையாகிவிடும்.

ஆகவே ஃபேன் சரியாகும்வரை, முள் நடுவைத் தாண்டினால் உடனே ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், ஊதலை முழு வேகத்தில் போட்டு ஜன்னலைத் திறவுங்கள். வெயிலில் அது கொடுமைதான், ஆனால் ஹீட்டர் என்பதே ஒரு சின்ன றேடியேட்டர். நிற்கும்போது கியரை நியூட்ரலில் வையுங்கள். முள் இன்னும் ஏறினால் முதல் கிடைக்கும் ஒழுங்கைக்குள் திருப்பி நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ஆவி வந்தால் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்க்காதீர்கள், ஹசார்ட் லைட்டைப் போட்டு அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள். பின்னால் ஹோன் அடிக்கிறவர் ஹெட் செலவைத் தரப்போவதில்லை. எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான உலோகம் வெடிக்கும். முள் கீழே விழுந்தால் ஆறிவிட்டது என்றும் நம்பிவிடாதீர்கள். தண்ணீர் முழுதாகப் போய்விட்டால் சூட்டைப் பார்க்கும் சென்சர் வெறும் காற்றில் நிற்கும், முள் குறைத்துக் காட்டும்.

றேடியேட்டரே மாற்ற வேண்டி வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். உங்களுடையது ஓட்டோ கியர் என்பதால் கியர் எண்ணெய் குளிரும் குழாயும் றேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள்தான் ஓடுகிறது. பழைய றேடியேட்டரில் அது உள்ளே துளைபட்டால் தண்ணீரும் கியர் எண்ணெயும் கலந்து ஸ்ட்ரோபெரி மில்க் ஷேக் போல வரும், கியர்பொக்ஸ் போய்விடும். மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து மண் நிறமாக மாறி, தட்டினால் பிஸ்கட் போலக் கேட்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் வெடிக்கும் நாள் தூரமில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் நாம் எல்லோரும் பழைய வண்டிகளை இன்னும் பழையதாக்கி ஓட்டியிருக்கிறோம். பிளாஸ்டிக்கும் றப்பரும் மீற்றரில் ஓடிய கிலோமீற்றரைப் பார்ப்பதில்லை, வயதைப் பார்த்து உடைகின்றன. ஹோஸ்களையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள்.

95 பெற்றோல் இந்தச் சூட்டைக் குறைக்காது. உங்கள் எஞ்சின் ஜப்பானின் சாதாரணப் பெற்றோலுக்கு வடிவமைத்தது, அதன் ஒக்டேன் ஏறக்குறைய 90. இங்கே கிடைக்கும் 92 தாராளமாகப் போதும். அந்த வித்தியாசக் காசைக் கூலன்டுக்கு வையுங்கள்.

காலையில் வரும் 'டிக்' சத்தம் வேறு விஷயம், ஆனால் ஒரு தொடர்பு இருக்கலாம். உங்கள் எஞ்சினில் தண்ணீர் பம்பும், பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஒல்டனேட்டரும் ஒரே பெல்ட்டில்தான் சுற்றுகின்றன. பெல்ட் தளர்ந்து வழுக்கினால் சார்ஜும் குறையும், தண்ணீர் ஓட்டமும் குறையும். எஞ்சின் போட்டதும் கீச்சென்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அப்புறம் பற்றரியின் இரண்டு முனைகளையும் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றி, சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்து, உலர்த்தி இறுக்குங்கள். பாதி 'டிக்' இதோடு போய்விடும். போகவில்லை என்றால் மீற்றர் வைத்து அளக்க வேண்டும். இரவு நின்ற பற்றரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுமை, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8இலிருந்து 14.5க்குள் இருந்தால் ஒல்டனேட்டர் நல்லது. கொழும்புச் சூட்டில் பற்றரி இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் நிற்பது அதிர்ஷ்டம். பொனட்டுக்குள் தினமும் இப்படி வெந்துகொண்டிருந்தால் இன்னும் குறைவு.

அக்காவின் அக்குவாவில் தண்ணீர் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது, பெல்ட்டே கிடையாது. ஆனால் கூலன்ட் போத்தல் இரண்டு இருக்கும், ஒன்று எஞ்சினுக்கு, மற்றது ஹைபிரிட் பற்றரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ட்டருக்கு. இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். ஹைபிரிட் பற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. அதற்குக் காற்று போகும் சல்லடை இருக்கையின் பக்கத்தில். அதில் தூசி அடைத்தால் பற்றரி சூடாகி ஆயுள் குறையும். பிள்ளைகளின் புத்தகப்பையையும் மடித்த போர்வையையும் அந்த வாய்க்கு முன்னால் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏசி இல்லாமல் ஜன்னலைத் திறந்து ஓட்டுவதும் அந்தப் பற்றரிக்கு நல்லதல்ல, அது குளிர்வது உள்ளே இருக்கும் காற்றால்தான்.

சனிக்கிழமை காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். முதலில் மூடியைத் திறந்து தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே எஞ்சினைப் போட்டுக் குமிழைப் பார்த்துவிட்டு, அணைத்து மூடியைப் போடுங்கள். பிறகு ஏசியைப் போட்டுத் தாளைப் பிடியுங்கள். தாள் ஒட்டியதா, விழுந்ததா, பறந்ததா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். கொண்டென்சர் தகடு உதிர்கிறதா என்று விரலால் தொட்டும் பாருங்கள். அதுவரை கோட்டைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் போங்கள்.